மூடிய புகாரும் தீர்ந்த புகாரும்

போன வருஷம் ஒரு புகாரில் ஜெயித்தேன். ஜெயித்திருக்கக் கூடாது. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

பழைய ஃபிலிம் கேமராக்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. ஓர் இணைய ஏலத் தளத்தில் (பெயர் வேண்டாமே) யாஷிகா எலெக்ட்ரோ 35 ஒன்று வந்தது. "டெஸ்ட் செய்தது, ஷட்டர் வேலை செய்கிறது" என்று போட்டிருந்தார்கள். கடைசி ரெண்டு நிமிஷம் முகம் தெரியாத யாரோ ஒருவரோடு போட்டி போட்டு 4,200 ரூபாய்க்கு எடுத்தேன். பார்சல் வந்ததும் பேட்டரி போட்டுப் பார்த்தால், எரிய வேண்டிய சிவப்பு விளக்கும் மஞ்சள் விளக்கும் எரியவில்லை. பின்பக்கத்து பேட்டரி செக் பட்டனை அழுத்தினாலும் ஒன்றுமில்லை. "விவரத்தில் சொன்னபடி இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்துப் புகார் போட்டேன். விற்றவர் மூன்று நாளில் பதில் தரவில்லை. சிஸ்டம் பணத்தைத் தானாகவே திருப்பிக் கொடுத்துவிட்டது. கேமராவைத் திருப்பி அனுப்பச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை.

ரெண்டு வாரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. இந்த மாடல் 5.6 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அது இப்போது கிடைக்காது. அதனால் 6 வோல்ட் பேட்டரியை ஓர் அடாப்டருக்குள் வைத்துப் போடுவார்கள். நான் வீட்டில் செய்த அடாப்டரில் ஸ்பிரிங் சரியாகத் தொடவில்லை. வேறொன்று வாங்கிப் போட்டதும் ரெண்டு விளக்கும் எரிந்தன. கேமராவில் ஒரு குறையும் இல்லை.

சரி, விற்றவர் என்ன டெஸ்ட் செய்திருப்பார்? இந்தக் கேமராவில் பேட்டரி இல்லாமலும் ஷட்டர் அடிக்கும், 1/500 நொடி என்ற ஒரே வேகத்தில். அவர் அழுத்திப் பார்த்திருக்கிறார், சத்தம் கேட்டிருக்கிறது, "வேலை செய்கிறது" என்று எழுதிவிட்டார். அவர் எழுதியதும் பொய் இல்லை, நான் எழுதியதும் பொய் இல்லை. நடுவில் இருந்த சிஸ்டம் எங்கள் ரெண்டு பேரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "எப்படி டெஸ்ட் செய்தீர்கள்?" கேட்கவே இல்லை.

இதைத் துருவிக்கொண்டு போனபோதுதான் இணையத் தகராறுத் தீர்வு பற்றிய கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன். இந்தத் துறையின் வரலாறு பெரும்பாலும் ஈபேயின் வரலாறுதான். 1995-இல் பியர் ஒமிட்யார் அந்தத் தளத்தைத் தொடங்கியபோது முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர். விலை 14.83 டாலர். உடைந்தது என்று சொல்லியே விற்றதால் தகராறு வரவில்லை. எனக்கு இந்தச் சம்பவம் பிடிப்பதற்குக் காரணம் அதுதான். ஏலத்தில் சண்டை வருவது பொருளில் உள்ள குறையால் மட்டும் இல்லை. விவரத்துக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியால் வருகிறது.

ஏலம் அந்த இடைவெளியை இன்னும் பெரிதாக்கும். பொருளாதாரத்தில் "வென்றவனின் சாபம்" என்று ஒரு கருத்து உண்டு. எண்ணெய் வயல் ஏலங்களை வைத்து 1971-இல் மூன்று பொறியாளர்கள் விளக்கியது. பொருளின் உண்மை மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாதபோது, அதிகமாக மதிப்பிட்டவன்தான் ஜெயிப்பான். கேமராவுக்கும் அதே கணக்குதான். "வேலை செய்கிறது" என்ற ரெண்டு வார்த்தையை நூறு பேர் படிக்கலாம். அதை ரொம்பத் தாராளமாகப் புரிந்துகொண்ட ஆள் கையில்தான் பொருள் போய்ச் சேரும். அந்த ஆள் நான்.

1999 வாக்கில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஈதன் காட்ஷ் குழு ஈபே தகராறுகளுக்கு மத்தியஸ்தம் செய்து ஒரு சோதனை நடத்தியது. கொஞ்ச நாளிலேயே 200-க்கு மேல் புகார்கள் வந்தன. மின்னஞ்சல் வழியாக ஒரு மனிதர் உட்கார்ந்து ரெண்டு பக்கத்தையும் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வேலை ஸ்கொயர்டிரேட் என்ற நிறுவனத்துக்குப் போனது. அங்கே முதலில் மென்பொருள் வழியாகப் பேச்சு, முடியாவிட்டால் மனித மத்தியஸ்தர். பின்னால் ஈபேயும் பேபாலும் தங்கள் சொந்த சிஸ்டத்தைக் கட்டின. வருஷத்துக்கு 6 கோடி தகராறுகள், அதில் 90 சதவீதம் மனிதர் கை படாமலே முடிகின்றன என்பது இந்தத் துறையில் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் எண். கட்டிக் காட்டியது பெரிய பொறியியல் சாதனைதான், மறுக்கவில்லை. 500 ரூபாய்ப் பொருளுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

என் விமர்சனம் வேறு இடத்தில். அந்த சிஸ்டத்தை நடத்திய கோலின் ரூல் 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார். புகார் கொடுத்த வாங்குபவர்கள் பிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்று பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். ஜெயித்தவர்கள் முன்பைவிட அதிகம் வாங்கினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், தோற்றவர்களும் அதிகம் வாங்கினார்கள். குறைத்துக்கொண்டவர்கள் யார் என்றால், புகார் ஆறு வாரத்துக்கு மேல் இழுத்தவர்கள். ஆக, மக்களுக்கு ஜெயிப்பதைவிட சீக்கிரம் முடிவதுதான் முக்கியம் என்பது பாடம்.

நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் எதை அளந்தார்கள் என்று கவனியுங்கள். வாடிக்கையாளர் திரும்பி வந்தாரா என்பதை அளந்தார்கள். தீர்ப்பு சரியா என்பதை இந்த அளவுகோல் சொல்லவே சொல்லாது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் பணம் வந்தது, சந்தோஷமாக அடுத்த ஏலத்தில் கலந்துகொண்டேன். அந்தக் கணக்கில் என் புகார் நூற்றுக்கு நூறு வெற்றி.

நம்ம தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய வியாதி. டிக்கெட் எத்தனை மூடினோம், எவ்வளவு சீக்கிரம் மூடினோம் என்பதை வைத்து மார்க் போட்டால் டிக்கெட்டுகள் மூடும். பக் அப்படியே இருக்கும். மூல காரணம் என்ன என்ற கட்டத்தை நிரப்பாமல் டிக்கெட்டை மூட விடக் கூடாது என்று நாங்கள் சண்டை போட்டுத்தான் கற்றுக்கொண்டோம். ஏலத் தகராறு சிஸ்டத்தில் அந்தக் கட்டமே இல்லை.

"அதற்குத்தான் ஃபீட்பேக் இருக்கிறதே" என்று கேட்கலாம். பழைய நாணய ஏலங்களை ஆராய்ந்து டெல்லரோகாஸ், வுட் என்ற இருவர் 2008-இல் எழுதியதைப் பாருங்கள். பதிவான ஃபீட்பேக்கில் 99 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ். மௌனமாகப் போனவர்களையும் கணக்கில் எடுத்து அவர்கள் மதிப்பிட்டபோது, திருப்தியான வாங்குபவர்கள் சுமார் 79 சதவீதம்தான். பழிக்குப் பழி வரும் என்று பயந்தே பலர் வாயைத் திறக்கவில்லை. அதே 2008-இல், விற்பவர் வாங்குபவருக்கு நெகட்டிவ் போடும் வசதியை ஈபே எடுத்துவிட்டது. பயம் குறைந்தது. கூடவே விற்பவரின் குரலும் குறைந்தது.

சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் தெளிவு. இந்தியாவின் 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டப்படி, விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் (பிரிவு 15). ஆனால் தரத்துக்குப் பொதுவான உத்தரவாதம் கிடையாது. அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவர் போன்ற சில விதிவிலக்குகளில்தான் அது வரும் (பிரிவு 16). வீட்டில் கிடந்த கேமராவை விற்கும் ஆள் எழுதியதுதான் அவருக்கு எல்லை. ஜெர்மனியில் 2004-இல் உச்ச சிவில் நீதிமன்றம், ஈபே ஏலம் சட்டத்தின் கண்ணில் ஏலமே இல்லை, வியாபாரியிடம் எடுத்தால் வாங்கியவருக்கு விலகிக்கொள்ளும் உரிமை உண்டு என்று சொன்னது. அங்கேயும் கேள்வி "யார் விற்றார், என்ன சொன்னார்" என்பதுதான். நம் ஊரில் விற்றவர் வியாபாரி என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ரெண்டு வருஷ அவகாசம்.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பிட் செய்யும் முன்பே "எப்படி டெஸ்ட் செய்தீர்கள், பேட்டரி போட்டா, போடாமலா?" என்று எழுத்தில் கேளுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். குறை தெரிந்தால் முதல் மெசேஜில் குற்றம் சாட்ட வேண்டாம். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று பக் ரிப்போர்ட் மாதிரி மூணு வரி போதும். தளத்தின் கெடுவைத் தவறவிடாதீர்கள், ஆனால் கெடுவுக்குள் ஒரு முறையாவது மனிதரோடு பேசிப் பாருங்கள்.

நான் அதைக் கடைசியில்தான் செய்தேன். பார்சலில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அது எங்க அப்பாவோட கேமரா சார். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. அந்த வாரம் ஊர்ல இல்ல, மெசேஜே பார்க்கல" என்றார். அன்றைக்கே 4,200 ரூபாயை அனுப்பினேன். முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் வாங்கிக்கொண்டார்.

தளத்துக்கும் எழுதினேன், தவறு என்னுடையது, அவர் கணக்கில் இருக்கும் புகாரை நீக்குங்கள் என்று. பதில் உடனே வந்தது. முடித்து வைக்கப்பட்ட புகாரை மறுபடி திறக்க முடியாதாம்.