ஒட்டுத் தெரியாத வேலை

ஃபயர்பாக்ஸ் உலாவிக்காக 2004 முதல் 2017 வரை எழுதப்பட்ட கருவிப்பட்டை நீட்சிகளைப் பிரித்துப் பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை. அவை வரும் எக்ஸ்பிஐ கோப்பு என்பது ஜிப்தான். திறந்தால் சூட்சுமம் முழுவதும் கண்முன் விரியும்.

முகவரிப் பெட்டி, பொத்தான், மெனு என அந்த உலாவியின் முகப்பே ஸூல் என்ற எக்ஸ்எம்எல் மொழியில் எழுதப்பட்டிருந்தது. உலாவியை உருவாக்கும் மொஸில்லாவின் பொறியாளருக்கும் நீட்சி எழுதுபவருக்கும் மூலப்பொருள் ஒன்றே. ஓவர்லே என்ற தனிக் கோப்பில் உலாவியின் பட்டைகளைத் தாங்கும் டூல்பாக்ஸுக்கு உள்ள அதே ஐடியைச் சொல்லி, அதற்குள் நம் பட்டையை எழுத வேண்டும். ஜன்னல் திறக்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். மூலக்கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது.

நல்ல கைவேலை சின்ன இடங்களில் தெரியும். தேடல் பெட்டிக்கு மட்டும் ஃப்ளெக்ஸ் 1 என்று கொடுத்திருப்பார்கள்; ஜன்னலை இழுத்தால் பெட்டி நீளும், பொத்தான்கள் தம் அளவிலேயே நிற்கும். ஐகான்கள் அனைத்தும் ஒரே பிஎன்ஜி படத்தில் இருக்கும்: இயல்பு நிலைக்கு ஒரு வரிசை, சுட்டி மேலே வரும்போது ஒன்று, முடக்கிய நிலைக்கு ஒன்று. வேண்டிய சதுரத்தை மட்டும் சிஎஸ்எஸ் வெட்டிக் காட்டும். படம் முன்பே ஏறிவிட்டதால் மாறும்போது இமைப்பே இராது. பொத்தானின் பெயர்கள் நிரலில் கலக்காமல், மொழிக்கொரு டிடிடி கோப்பில் தனியே இருக்கும். தமிழில் பட்டை வேண்டுமென்றால் அந்தப் பெயர்களைத் தமிழில் எழுதிச் சேர்த்தால் போதும். நிரலைத் தொட வேண்டியதில்லை.

கிறிஸ் பெடெரிக்கின் வெப் டெவலப்பர் என்ற பட்டை என் கண்ணில் இக்கலையின் உச்சம். எத்தனையோ வசதிகளை குக்கீ, சிஎஸ்எஸ், படிவம், படம் என்று பொருள்வாரியாகப் பிரித்து ஒற்றை வரியில் அடக்கியவர் அவர். தேடும் கை தயங்காமல் சரியான மெனுவுக்குப் போகும். அதே காலத்தில், வேறு மென்பொருளோடு சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து முகப்புப் பக்கத்தையே மாற்றிய பட்டைகளும் ஏராளம். பயனரை மதித்த வேலையின் அருமை அவற்றின் பக்கத்தில்தான் நன்கு விளங்கியது.

2017 நவம்பர் 14 அன்று ஃபயர்பாக்ஸ் 57 வந்தது. ஸூல் நீட்சிகள் நின்றன. உலாவியின் உள்ளுறுப்பு வரை கைநீட்டியதால் பதிப்பு மாறும்போதெல்லாம் அவை உடைந்தன, பாதுகாப்புக்கும் இடைஞ்சல். முடிவு நியாயமானதே. இன்று நீட்சிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பொத்தானும் அதிலிருந்து விரியும் சிறு பலகையும்தான். ஆனாலும் பிறர் கட்டியதற்குள் நம் வேலையைச் சேர்க்கும்போது அதன் அளவுக்கும் நிறத்துக்கும் இசைந்து நிற்பது எப்படி, உரியவர் வேண்டாமென்றால் சுவடின்றி விலகுவது எப்படி என்பதற்கு அந்தப் பழைய கோப்புகளே நல்ல பாடம். இப்போது நீட்சி எழுதுபவர்கள் ஒன்றையாவது பிரித்துப் படிக்க வேண்டும்.