30 ஆண்டுகளுக்கு ஒரு பொன்னாடை

பாதுகாப்புத் தொழில்நுட்ப நிறுவனங்களில் மூத்த பொறியாளரின் பணியாண்டு நிறைவைக் கொண்டாடும் விதம் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது. 10, 20, 25, 30 என்று ஆண்டு நிறையும்போது அவரை மேடைக்கு அழைக்கிறார்கள். சேர்ந்த தேதி, வகித்த பதவிகள், மாறிய பிரிவுகள் வாசிக்கப்படுகின்றன. பொன்னாடை, கேடயம், குழுப்படம், தேநீர். சற்று நேரத்தில் எல்லாரும் இருக்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இதை வெறும் சடங்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒருவருடைய 30 ஆண்டு உழைப்புக்கு இது செய்யும் நியாயம் மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நல்லதை முதலில் பார்ப்போம். பாலம் கட்டியவர் தன் பிள்ளையை அழைத்துப்போய் அந்தப் பாலத்தைக் காட்டலாம். ஏவுகணையின் வழிகாட்டும் கருவியிலோ ரேடாரின் உட்பகுதியிலோ வாழ்நாளைச் செலவிட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1923ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிக் கட்டுப்பாடுகள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளியில் கேட்டால், "டிஃபென்ஸ்ல இன்ஜினியர்" என்பதோடு பிள்ளையின் பதில் முடிந்துபோகும். பெரிய விருதுகள் திட்டத் தலைவர்களைச் சேரும். செய்தித்தாளில் அமைச்சரின் படம் வரும். இடைநிலையில் இருந்து உழைத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கும் மேடை அநேகமாக இது ஒன்றுதான். அவர் குடும்பத்தையும் அழைத்து முன்வரிசையில் அமர வைத்தால், உடன் உழைத்தவர்கள் அவர்மேல் வைத்திருக்கும் மதிப்பைக் குடும்பத்தார் கண்ணால் பார்க்கலாம். இந்த வழக்கத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தை நிரப்ப வேறொன்றும் இல்லை.

தேஜஸ் போர் விமானத்தின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இதன் அருமை இன்னும் புரியும். திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்தது 1983இல். அதை நடத்துவதற்கான வானூர்தி மேம்பாட்டு முகமை 1984இல் பெங்களூரில் அமைந்தது. அந்த ஆண்டு 22 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருக்கு 10 ஆண்டு நிறைந்த 1994இல் முதல் மாதிரி விமானம் கூடத்தை விட்டே வெளியே வரவில்லை. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்தது. விமானத்தை மின் சமிக்ஞைகளால் இயக்கும் ஃப்ளை-பை-வயர் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் துணை நின்ற அமெரிக்க நிறுவனத்தின் உதவி அறுந்தது; மிச்ச வேலையை நம்மவர்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று விமானம் முதன்முதலாகப் பறந்தபோது அவருக்கு வயது 39. 2004இல் 20 ஆண்டு, 2014இல் 30 ஆண்டு. அப்போதும் ஒரு படைப்பிரிவிலும் தேஜஸ் இல்லை. 2016 ஜூலை 1 அன்றுதான் விமானப்படையின் 45ஆம் படைப்பிரிவு அதை ஏற்றது. இரண்டு ஆண்டில் அந்தப் பிரிவு கோவைக்குப் பக்கத்தில் உள்ள சூலூருக்கு இடம்பெயர்ந்தது. நம் பொறியாளர் 60 வயதில், 2022இல், ஓய்வு பெற்றார்.

அவருடைய மூன்று பெரிய ஆண்டு நிறைவுகளுமே, செய்த பொருள் படையின் கைக்குப் போவதற்கு முன்பு வந்தவை. அதே காலத்தில் பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்கள் கூடுதல் சம்பளத்தோடு காத்திருந்தன. கையில் காட்ட விமானம் இல்லாத நாளில், "நீங்கள் இருப்பது எங்களுக்குத் தெரியும்" என்று ஒருவரிடம் சொல்வதற்கு நிறுவனத்திடம் இந்த மேடைதான் இருந்தது.

ஆனால் இதே கணக்குதான் வழக்கத்தின் பெரிய குறையையும் காட்டிக்கொடுக்கிறது. ஒருவர் 30 ஆண்டு ஒரே திட்டத்தில் இருந்தார் என்றால் அந்தத் திட்டம் 30 ஆண்டு இழுத்தது என்றும் பொருள். ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்குக்கு ஒப்புதல் கிடைத்தது 1974இல். முதல் தொகுதி ராணுவத்திடம் போனது 2004இல். தாமதத்துக்குக் காரணங்கள் பல. இடையில் மாறிய தேவைகள், வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பாகங்கள், மேலே தேங்கிய முடிவுகள் என்று அவற்றில் பெரும்பாலானவை பொறியாளரின் கையில் இல்லாதவை. மேடையில் ஆண்டுகளை மட்டும் புகழ்ந்தால் நீட்சியே சாதனையாகிவிடுகிறது. ஏன் இத்தனை ஆண்டு என்ற கேள்வியை அந்த நாளில் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். மற்ற நாளில் கேட்க ஆளிருக்காது. தங்கியவரை வாழ்த்தும்போது போனவர்கள் ஏன் போனார்கள் என்ற கேள்வியும் இப்படித்தான் அமுங்கிப்போகிறது.

தேஜஸுக்கென்று உருவாக்க முயன்ற காவிரி எஞ்சினில் உழைத்தவர்களின் நிலை இன்னும் கடினம். 1989இல் தொடங்கிய அந்த எஞ்சின் 2008இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் இன்று பறப்பது அமெரிக்காவின் ஜிஇ எஃப்404 எஞ்சினில். காவிரியில் வேலை செய்தவர்கள் உயர்வெப்ப உலோகங்களையும் சுழலிகளையும் பற்றிக் கற்றது ஏராளம். எது உடைந்தது, எந்த வெப்பத்தில் உடைந்தது, ஏன் உடைந்தது என்ற அறிவு அடுத்த எஞ்சினுக்கு மூலதனம். ஆனால் வெற்றியைப் பாடுவதற்கென்று அமைந்த மேடையில் தோல்வியின் அறிவைப் பேச முடிவதில்லை. பதவிப் பட்டியலை வாசித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

அதேபோல் மறுப்புக்கும் இந்த மேடையில் இடமில்லை. தேஜஸ் முதன்முதலில் பறந்ததிலிருந்து அதன் முதல் விபத்து வரை 23 ஆண்டுகள் கடந்தன. அந்த விபத்து நேர்ந்தது 2024 மார்ச்சில், ஜெய்சால்மர் அருகே. சோதனைக் கட்டத்தில் ஒரு விமானத்தைக்கூட இழக்காதது எளிய காரியமில்லை. தரவில் ஒரு சந்தேகம் எழுந்ததும், மேலிருந்து எத்தனை அவசரப்படுத்தினாலும், "இன்று பறக்க வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. ஒரு பொறியாளரின் 30 ஆண்டில் பாராட்டத்தக்க நாட்கள் என்று என்னைக் கேட்டால், அவர் கையெழுத்துப் போட மறுத்த நாட்களை முதலில் சொல்வேன். பதவி உயர்வுப் பட்டியலில் அந்த நாட்கள் வராது.

மேடைக்கு யார் ஏறுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வெல்டர், ஃபிட்டர், வயரிங் செய்பவர் ஆகியோரின் கைத்திறனில்தான் வரைபடம் பொருளாகிறது. அவர்களில் ஒப்பந்தத்தில் வேலை செய்து, அது புதுப்பிக்கப்படும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்தவராகக் கணக்கில் ஏறுகிறவருக்கு 20 ஆண்டு நிறைவு என்ற ஒன்றே வராது.

ஆண்டுகளை எண்ணுவதோடு நின்றால் என்ன இழப்பு நேரும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் ஏவுகணையின் டபிள்யூ76 அணுகுண்டுக்கு ஃபாக்பேங்க் என்ற இரகசியப் பொருள் தேவை. டென்னசியின் ஓக் ரிட்ஜில் 1989 வரை அதைச் செய்தார்கள். குண்டுகளின் ஆயுளை நீட்டிக்க 2000களில் மீண்டும் அது தேவைப்பட்டபோது செய்முறைக் குறிப்புகள் சொற்பமே இருந்தன. செய்தவர்கள் அநேகமாக எல்லாருமே ஓய்வு பெற்றோ விலகியோ போயிருந்தார்கள். 2009இல் அந்நாட்டின் தணிக்கை அலுவலகமே இதை எழுதியது. 2022இல் உக்ரைன் போர் மூண்டு ஸ்டிங்கர் ஏவுகணைக்குத் தேவை பெருகியபோது, 70 வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஊழியர்களை ரேதியான் நிறுவனம் திரும்ப அழைத்து, இன்றைய ஊழியர்களுக்குக் கற்றுத்தரச் சொன்னது. இவர்களுக்கும் ஓய்வின்போது பாராட்டு நடந்திருக்கும். அவர்கள் கையிலிருந்த அறிவை வாங்கி வைத்துக்கொள்ளாமல்தான் வழியனுப்பியிருக்கிறார்கள்.

அப்படியானால் ஓய்வுக்கு முன் ஒரு நாள் உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்தால் போதுமா? போதாது. ஃபாக்பேங்கில் பின்னர் தெரிந்த செய்தி இதைத்தான் காட்டுகிறது. பழைய மூலப்பொருளில் இருந்த ஒரு மாசுதான் அந்தப் பொருளுக்கு அதன் குணத்தைத் தந்திருக்கிறது. புதிய ஆலை அதைச் சுத்தமாக நீக்கிவிட்டது. அந்த மாசின் பங்கு முதலில் செய்தவர்களுக்கே தெரியாது. தெரியாததை யாரும் பேட்டியில் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று சேர்ந்து செய்யும்போதுதான் அது கைமாறும்.

ஆகவே பாராட்டை ஓய்வுக் காலத்திலிருந்து முன்னே இழுக்க வேண்டும் என்பது என் வாதம். 20ஆம் ஆண்டு நிறைவில் கேடயத்தோடு இரண்டு இளைஞர்களையும் அவரிடம் ஒப்படைக்கலாம். ஓராண்டு அவர்கள் அவரோடு ஒரே மேசையில் வேலை செய்யட்டும். இரகசியம் காக்க வேண்டிய இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, அனுமதி உள்ளவர்கள் முன்னிலையில், அவருடைய தோல்விகளையும் மறுப்புகளையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லலாம். குடும்பத்துக்கான விழா தனியே நடக்கட்டும். அதில் பொன்னாடை தாராளமாக இருக்கட்டும். பாராட்டப்படுவோர் பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயரும் சேரட்டும்.

இதற்கு அவகாசம் அதிகமில்லை. 1984இல் சேர்ந்தவர்கள் போய்விட்டார்கள். 2001இன் முதல் பறத்தலை இளம் பொறியாளர்களாகப் பார்த்தவர்கள் இன்று 50ஐ நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். அடுத்த தலைமுறைப் போர் விமானமான ஆம்காவின் வடிவமைப்புக்கு அரசு ஒப்புதல் தந்தது 2024 மார்ச்சில். அந்த ஆண்டு அதில் சேர்ந்த 22 வயதுக்காரருக்கு 2034இல் 10 ஆண்டு நிறையும். தேஜஸின் கட்டுப்பாட்டு அமைப்பைத் தடைக்காலத்தில் கட்டி முடித்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.