பதக்கம் பெறாத பிள்ளை

உடற்குறையுள்ள பிள்ளையைப் பற்றி நான் வாசித்த சிறுவர் கதைகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று இரக்கம் கேட்கும். மற்றது, அந்தப் பிள்ளையை ஏதேனும் சாதிக்க வைத்து ஊரின் வாயை அடைக்கும். ஆர். ஜே. பலாசியோவின் 'வொண்டர்' (2012) இவ்விரண்டையும் தாண்ட முயன்ற அமெரிக்க இளையோர் நாவல். 2017இல் திரைப்படமாகவும் வந்தது.

பிறவியிலேயே முகம் மாறுபட்ட ஓகஸ்டுக்குப் பத்து வயது. அதுவரை வீட்டிலேயே படித்தவன், ஐந்தாம் தரத்தில் முதன்முறையாகப் பாடசாலைக்குப் போகிறான். அவனைத் தொட்டவர் உடனே கை கழுவ வேண்டும் என்று பிள்ளைகள் ஒரு விளையாட்டை உண்டாக்குகிறார்கள். அவனை வதைக்கும் ஜூலியனின் தாயோ வகுப்புப் படத்திலிருந்து ஓகஸ்டின் முகத்தையே கணினியில் நீக்கிவிடுகிறாள். பிள்ளையின் கேலிக்கு வேர் எங்கே இருக்கிறது என்பதை இந்த ஓரிடம் சொல்லிவிடுகிறது.

கதையை ஓகஸ்ட் மட்டும் சொல்லாமல் பலரும் மாறிமாறிச் சொல்வது நாவலின் பலம். அக்கா வியா தம்பி மீது உயிரையே வைத்திருப்பவள். ஆனால் புதிய பாடசாலையில் அவனைப் பற்றிப் பேசாமல் மறைக்கிறாள். மறைத்ததற்காக மனம் குமைகிறாள். பலாசியோ அவளைக் குற்றவாளியாக்கவில்லை, தியாகியாக்கவுமில்லை.

சறுக்கல் முடிவில்தான். ஆண்டிறுதி விழாவில் ஓகஸ்டுக்குப் பதக்கம் கிடைக்கிறது. மண்டபமே எழுந்து கைதட்டுகிறது. சாதாரணப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதுதான் தொடக்கத்தில் அவனுடைய ஆசை. நாவல் அவனுக்கு எல்லாவற்றையும் கொடுத்து, அதை மட்டும் கொடுக்காமல் விடுகிறது. ஓகஸ்ட் கெட்டிக்காரன், பகிடியாகப் பேசுபவன், விஞ்ஞானத்தில் வல்லவன். கணக்கில் பத்துப் புள்ளி எடுக்கிற, எரிந்து விழுகிற பிள்ளைக்கும் அதே முகம் இருந்தால் யார் கைதட்டுவார்?

இக்கேள்விக்கு விடை, தமிழிலும் கிடைக்கும் ஒரு ஜப்பானிய நூலில் இருக்கிறது. தெத்சுகோ குரோயானகியின் 'டோட்டோ-சான்' (1981) நாவலல்ல, பள்ளி நினைவுகள். அதில் தகஹாஷி என்ற சிறுவனுக்கு உடல் வளர்ச்சி நின்றுபோயிற்று. அதிபர் கோபயாஷி விளையாட்டுப் போட்டிகளையே அவனது குட்டைக் கால்களுக்கு வாய்ப்பாக வகுக்கிறார். அவனே முதலாவதாக வருகிறான். பரிசு பதக்கமல்ல, மரக்கறி! இன்னோரிடத்தில், உனக்கு வால் இருக்கிறதா என்று அவனிடம் விளையாட்டாகக் கேட்ட ஆசிரியையை அதிபர் கண்டிக்கிறார். அதுவும் மற்ற ஆசிரியர்கள் முன்னிலையில் அல்ல, சமையலறையில் வைத்து. ஆசிரியத் தொழிலில் இருப்பவர் அந்தப் பக்கத்தை எளிதில் புரட்டிவிட முடியாது. கேட்டவர் கெட்டவரல்லர், யோசிக்காதவர். ஜூலியனைவிட அவர்தான் எமக்கு நெருக்கமானவர்.

பலாசியோவின் பாடசாலை, பிள்ளை தன்னை நிரூபிக்கும்வரை காத்திருக்கிறது. கோபயாஷியின் பாடசாலை தன்னை மாற்றிக்கொள்கிறது. இலக்கியமாக 'வொண்டர்' கட்டுக்கோப்பானது. உண்மையில் 'டோட்டோ-சான்' ஒரு படி மேல்.

எமது கரையோரக் கிராமங்களில் 'நொண்டியார் வீடு', 'ஊமையர் வளவு' என்றுதான் வழி சொல்வோம். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைச் சூறதுல் ஹுஜுராத் தடுத்திருக்கிறது. அதைக் குர்ஆன் மதரஸாவில் ஓதிய பிள்ளை, காலையில் வகுப்பில் அதே பெயரால் கூப்பிடுகிறது, பெரியவர்கள் சிரிக்கிறோம். எமது எழுத்தாளர்கள் இளையோருக்காக எழுத வேண்டிய கதை இந்தச் சிரிப்பைப் பற்றியது. அதில் வரும் பிள்ளை எதையும் வெல்ல வேண்டியதில்லை. அவனது சொந்தப் பெயரால் ஊர் அவனைக் கூப்பிட்டால் போதும்.