நிழலின் எடை

குன்றத்தூரைச் சொன்னால் மலைமேல் முருகன் கோயில் நினைவுக்கு வரும்; இப்போதெல்லாம் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளும் நினைவுக்கு வரும். 12-ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த சேக்கிழாரைப் படிப்பவர்கள் குறைவு. அவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவர்கள்தாம் அதிகம்.

நண்பர் ஒருவர் பெரிய புராணத்து நீற்றறைக் கதையைப் பிடித்துக்கொண்டார். பல்லவ மன்னன் அப்பரை ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தான். இறைவன் திருவடி நிழல் காத்தது என்கிறது கதை. “நிழல் என்ன ஒரு பொருளா, சூட்டைத் தடுக்க?” என்றார் நண்பர்.

நியாயமான கேள்வி. பௌதிகத்தின் விடையும் தெளிவு. நிழலுக்கு எடை இல்லை, அணு இல்லை. ஒளி தடைபட்ட இடம், அவ்வளவுதான். கண்ணாடியில் தெரிகிற பிம்பம் திரும்பி வந்த ஒளி. ஒளிக்குச் சக்தி உண்டு. ஆனால் அதுவும் சடப்பொருள் அல்ல.

பழைய சாஸ்திரக்காரர்களிடம் இந்த ஒற்றுமை கிடையாது. இருள் என்பது ஒளியின் இன்மையே என்றார்கள் வைசேஷிகர். தனிப் பொருள் என்றார்கள் குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர். சமணரோ நிழலுக்கும் இடம் கொடுத்தார்கள். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் நிழலையும் இருளையும் புத்கலத்தின், அதாவது சடப்பொருளின், நிலைகளாகக் கணக்கிடுகிறது. உரைகாரர் பூஜ்யபாதர் கண்ணாடிப் பிம்பத்தையும் அதில் சேர்த்தார்.

வேடிக்கையைப் பாருங்கள். காளவாயில் அடைக்கச் சொன்னவர்கள் சமணர்கள் என்கிறார் சேக்கிழார். உள்ளே இருந்தவரும் ஒரு காலத்தில் தருமசேனர் என்ற பெயரோடு சமண நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர்தான்.

அந்த அப்பர் தம் பாட்டில் நிழல் இன்ன பொருள் என்று வாதாடவே இல்லை. இசை, நிலவு, காற்று, பருவம், குளம் என்று ஐந்து உவமைகளை மட்டும் சொல்கிறார். இவற்றில் நிலவே இரவல் ஒளி; பருவத்தைத் தொட்டுப் பார்த்தவர் யார்?

சேக்கிழார் இங்கேதான் கை வைத்தார். அப்பர் நிழலுக்குச் சொன்ன உவமைகளை அவர் காளவாய்க்கே ஏற்றிவிட்டார், காளவாயே குளிர்ந்துபோயிற்று. கதைக்கு இதனால் லாபம். கவிதைக்கு நஷ்டம் என்பது என் கட்சி. அப்பர் பாட்டில் காளவாய் என்ற பேச்சே இல்லை. அதனால் எந்தச் சூட்டில் இருப்பவனும் அதைத் தன் பாட்டாகச் சொல்லிக்கொள்ளலாம். சேக்கிழார் காட்டும் அற்புதம் ஒருவருக்கு ஒரு தடவை நடந்ததோடு முடிந்துவிடுகிறது.

நண்பருக்கு என் பதில் இதுதான்: நிழல் பொருள் அல்ல. ஆனால் சித்திரை வெயிலில் குன்றத்தூர் மலையேறும்போது நிழல் கண்ட இடத்தில் நீங்களும் நிற்பீர்கள்.