கடனாளியின் உரைநடை

மாணவருக்குக் கடிதம் எழுதப் பயிற்றும்பொழுது உறவுக் கடிதம், வியாபாரக் கடிதம் எனப் பிரித்து, பின்னதில் உணர்ச்சிக்கு இடமில்லை என்று சொல்லிக்கொடுக்கிறோம். நானும் பல ஆண்டுகளாக அவ்வாறே சொல்லி வருகிறேன். இலக்கிய விமர்சகர் பலரும் இப்பிரிவினையை ஏற்றுக்கொண்டவர் போலவே நடந்துகொள்கின்றனர். அமெரிக்கப் புரட்சித் தலைமுறையின் உரைநடை பற்றிப் பேசுவோர், தோமஸ் ஜெபர்சன் வரைந்த 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தையும், சமயம், கல்வி, அரசியல் குறித்த அவரது கடிதங்களையும் எடுத்தாளுவர். தோட்டத்தைப் பராமரித்தோருக்கும் கடன்கொடுத்தோருக்கும் அவர் எழுதியவை சரித்திர ஆய்வாளருக்கென ஒதுக்கப்படும். இவ்வொதுக்கீடு தவறு என்பது என் எண்ணம். அவருடைய உரைநடை உண்மையாகச் சோதிக்கப்படுவது இக்கடிதங்களிலேயாகும்.

மாமனார் ஜோன் வேல்ஸ் 1773இல் இறந்தபோது, ஜெபர்சனின் மனைவிக்கு நிலமும் 135 அடிமைகளும் கிடைத்தன. கூடவே இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகர வர்த்தகருக்குரிய பெருங்கடனும் வந்து சேர்ந்தது. கடனைத் தீர்க்க அவர் நிலத்தை விற்றார். விற்ற பணமோ யுத்தகாலக் காகித நாணயமாகக் கைக்கு வந்து மதிப்பிழந்து போயிற்று. 1783ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை, பழைய கடன்களை ஸ்ரேர்லிங்கின் முழுப் பெறுமதியில் மீட்பதற்குத் தடை எதுவும் இருத்தலாகாது என விதித்தது. மன்னனிடமிருந்து விடுபட்டவர் வர்த்தகரிடமிருந்து விடுபடவில்லை.

இந்நிலையை அவர் நன்கு உணர்ந்திருந்தார். பிரான்சில் தூதுவராக இருந்த 1786இல், கடன்கள் தந்தையிடமிருந்து மகனுக்குத் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தமையால், வேர்ஜீனியத் தோட்ட உடைமையாளரே இலண்டன் வர்த்தக நிலையங்களின் ஒருவகைச் சொத்தாகிவிட்டனர் என்று எழுதினார். காலனித்துவ வர்த்தகத்தின் இயல்பை இத்தனை கூர்மையாகக் கண்டு சொன்னவர் சிலரே.

ஆயின் 1787 யூலையில், தமது தோட்டங்களைப் பராமரித்த நிக்கலஸ் லூயிசுக்குப் பாரிசிலிருந்து எழுதிய கடிதத்தைப் பாருங்கள். கடன் முற்றாகத் தீரும்வரை தாம் அனுபவிக்கும் மனவேதனையைச் சொல்லுகிறார். அடிமைகளின் உழைப்பால் கடன் தீரும் என்ற நம்பிக்கை உள்ளவரை அவர்களை விற்க விருப்பமில்லை என்கிறார். அவர்களது நலனைக் கருதியே இம்முடிவு என்கிறார். தோட்டத்தின் கடனை அவர்கள் செலுத்தி முடித்த கணமே அவர்களின் நிலையை இலகுவாக்குவேன் என்றும் உறுதியளிக்கிறார். அக்கடனின் மூன்றில் இரண்டு பங்கு அவர்களை வாங்கியதால் ஏற்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்கிறார்.

இலக்கண மாணவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இங்கே செலுத்துதல் என்னும் வினைக்கு எழுவாய் யார்? ஜெபர்சன் அல்லர், அடிமைகளே. தம்மை விலைக்கு வாங்கிய கடனைத் தாமே உழைத்துத் தீர்க்க வேண்டியவர்களாக அவர்கள் வாக்கியத்தினுள் வருகின்றனர். வேதனைக்குரியவர் மட்டும் கடிதம் எழுதுபவர். உணர்ச்சிக்கு இடமில்லாத கடிதம் என்று யார் சொன்னது? உணர்ச்சி நிறையவே உண்டு. அது யாருக்குப் பங்கிடப்பட்டது என்பதே கேள்வி.

1784 முதல் 1794 வரையான பத்தாண்டுகளில் 161 பேரை அவர் விற்றோ உறவினருக்கு வழங்கியோ கைமாற்றினார். வெளிநாட்டு விவகாரச் செயலாளராக இருந்த 1792இல், பொதுவாழ்வில் உள்ளவரை சொத்து விற்பனை விளம்பரங்களில் தமது பெயர் வெளிவருவதை விரும்பவில்லை என்று எழுதினார். விற்கப்பட்டவர் மனிதர்; எழுத்தில் நின்ற சொல் சொத்து. 1820இல் மருமகனுக்கு எழுதியபோது அத்திரையும் விலகிற்று. ஈராண்டுக்கொரு பிள்ளை பெறும் பெண், தோட்டத்தின் மிகச் சிறந்த ஆணைவிட இலாபந் தருபவள் என்று கணக்குக் காட்டினார்.

நயவஞ்சகர் என்று தீர்ப்பளித்து நூலை மூடிவிடுதல் எளிது. எனக்கு அது போதவில்லை. 1767 முதல் 1826 வரை நாளாந்தச் செலவுகளைக் குறித்து வைத்த இம்மனிதர், வரவையும் கடனையும் ஒப்பிட்டு மொத்த நிலுவை காணும் வழக்கமில்லாதவர். சிறுதொகையும் தப்பாத குறிப்பேட்டில் முழுத்தொகை இல்லை. அவரது வர்க்கத்தின் சிந்தனையும் அவ்வாறே இயங்கிற்று எனலாம்.

மசாசூசெற்சில் அபிகேல் அடம்ஸ் கணவர் ஜோனுக்கு எழுதிய கடிதங்கள் வேறு வகையின. விவாகமான பெண்ணுக்குச் சட்டம் சொத்துரிமை மறுத்த காலத்தில், நிலத்தை நாடிய கணவரிடம் அரசாங்கக் கடன்பத்திரங்களே இலாபகரமானவை என்று வெளிப்படையாக வாதிட்டார். படைவீரர் பலர் வறுமையால் மலிவாக விற்ற பத்திரங்களும் அச்சந்தையில் இருந்தன என்பதை மறத்தலாகாது. எனினும் இலாபத்தை இலாபம் என்றே சொல்லும் நேர்மை அவ்வுரைநடையில் உண்டு.

ஜெபர்சன் 1826 யூலை 4இல் இறந்தபோது கடன் ஒரு லட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. 1827 சனவரியில் மொன்ரிசெல்லோவில் ஏலம் நடந்தது. மரணசாசனத்தால் விடுதலை வாக்களிக்கப்பட்ட கொல்லர் ஜோசப் பொசெற்றின் மனைவியும் பிள்ளைகளும் அதில் விற்கப்பட்டனர். பதினொரு வயதில் விலைபோன மகன் பீற்றர் இரகசியமாக எழுதப் படிக்கக் கற்றார். பிற்காலத்தில் சின்சினாற்றியில் மதபோதகராக வாழ்ந்த அவரது நினைவுகள் 1898இல் நியூயோர்க் பத்திரிகையொன்றில் வெளிவந்தன. அடிமையாக இருந்த காலத்திலேயே, தப்பியோடுவோருக்கு விடுதலைச் சீட்டுக்களைத் தம் கையாலேயே அவர் எழுதிக் கொடுத்தார்.