ஊமலும் பாக்குமட்டையும்

யாழ்ப்பாணத்து முன்பள்ளிக் கண்காட்சி எதற்குப் போனாலும் ஊமல் கொட்டையில் தாடிக் கிழவர், சிரட்டையில் ஆமை, யோகட் கப்பில் பூச்சாடி என்று மேசை நிறைய இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிள்ளையின் பெயர். செய்தது அம்மா, மிஞ்சினால் பெரியம்மாவின் மகள். நாலு வயதுப் பிள்ளையால் ஊமலின் தும்பை வாரி மீசை வெட்ட முடியாது என்பது ரீச்சருக்கும் தெரியும், பிரதம விருந்தினருக்கும் தெரியும். இருந்தும் வருடா வருடம் அந்தக் கிழவர் வருகிறார்.

பொருளைத் தேர்ந்ததில் பிழையில்லை. வடக்கில் முன்பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் சனசமூக நிலையம், மாதர் சங்கம், கோயில், தேவாலயம் போன்றவைதான். கையில் காசு இல்லாத இடத்தில் வளவில் கிடப்பதைப் பொறுக்கும் கெட்டித்தனம் தானாகவே வந்துவிடுகிறது. போதாததற்கு 1990களின் பொருளாதாரத் தடைக்காலம் வேறு. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான நாட்கள் அவை. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். இப்படி வாழ்ந்த ஊரில் ஒரு ஒற்றையைப் பழுதாக்கும் பிள்ளைக்கு ஏச்சு விழாமல் இருக்குமா? எடுத்த தாள் ஒரு ‘பொருளாக’ முடிய வேண்டும், அதுவும் பார்க்க வடிவாக இருக்க வேண்டும். அந்த வடிவுக்காகத்தான் கத்தரிக்கோல் அம்மாவின் கைக்குப் போகிறது.

தமிழ்நாட்டில் கதை வேறு பக்கத்தால் வருகிறது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அங்கே ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. சம்பளம், சத்துமாவு, முட்டை எல்லாம் அரசினுடையவை. விளையாட்டு, கலைப் பொருட்களும் ஒரு பெட்டியாக மேலிருந்து வரும். எங்களுக்கு அது பொறாமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் வந்த பெட்டி இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. ஏறிய பொருள் உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர், எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, கைபேசிச் செயலியில் விவரம் ஏற்றுவது என்று ஏற்கனவே திணறும் அதே பணியாளர்தான். பெட்டி பீரோவுக்குள் பத்திரமாக இருந்துவிடுவதில் என்ன ஆச்சரியம்?

வேடிக்கை என்னவென்றால், அங்கன்வாடி என்ற எண்ணமே பெட்டிக்கு எதிரானது. மகாராஷ்டிரக் கடலோரத்து போர்டியில் 1945இல் தாராபாய் மோடக் தொடங்கிய வேலை அது. மொண்டிசோரி முறையில் ஊறியவர் அவர். அந்த முறையின் அளவெடுத்த மரச் சாமான்கள் கிராமத்துக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டு, கூழாங்கல், சிப்பி, பூ, இலை என்று முற்றத்தில் கிடைத்ததை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அரசுத் திட்டம் பெயரை எடுத்துக்கொண்டது. முற்றம் பின்தங்கிவிட்டது.

தமிழ்நாட்டுத் தனியார் எல்.கே.ஜி. வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரிக் கடையில் சார்ட்டும் தெர்மாகோலும் வாங்கும் அப்பாமாரைப் பார்த்தாலே போதும். எங்கள் அம்மாமாரின் உறவுக்காரர்கள்.

ஆக, ஒரு பக்கம் பொருள் கண்காட்சிக்காகச் சேமிக்கப்படுகிறது, மறுபக்கம் கணக்குக்காகப் பூட்டப்படுகிறது. இரண்டு இடத்திலும் பிள்ளைக்குக் கிடைக்காதது, வீணாக்க ஒரு பொருள். மூன்று வயதில் கீறுவது படத்துக்காக அல்ல, கை போகும் போக்கைப் பார்ப்பதற்காக. பழுதானாலும் யாருக்கும் வயிறு எரியாத சாமான்தான் அந்த வயதுக்குச் சரி. அப்படிப் பார்த்தால் இரு கரையிலும் தட்டுப்பாடே இல்லை. தமிழ்நாட்டில் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமும், பழைய மாதக் காலண்டரின் வெள்ளைப் புறமும் கிடக்கின்றன. 2019இல் ஒருமுறைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்த பிறகு பாக்குமட்டைத் தட்டு எங்கும் புழங்குகிறது. சாப்பாடு படாமல் மிஞ்சிய தட்டு, கிழியாத, வண்ணம் ஊறாத நல்ல பலகை. எங்களிடம் சிமெந்து விறாந்தை இருக்கிறது. தென்னம் மட்டையின் நுனியைத் தட்டித் தும்பாக்கிக் கொடுத்து, சிரட்டையில் தண்ணீரும் வைத்துவிட்டால் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் தரையில் கீறுவார்கள். செலவு தண்ணீர் மட்டும்.

நிறத்துக்கும் கடை தேவையில்லை. பசளிப் பழம் ஊதா தரும். மஞ்சள் கரைசலில் துளி சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி எடுக்கும் எல்லா வீட்டுக்கும் தெரியும். சுண்ணாம்பை மட்டும் பெரியவர் கலக்கட்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. பசைக்குக் கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துப் பிறகு காய்ச்சினால் போதும். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, சின்னப் பிள்ளைகளின் பசையில் வேண்டாம். குன்றிமணியும் அப்படியே. தமிழ்நாட்டில் சதுர்த்திக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிற அதே விதைதான். ஆனால் கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே உலை. சும்மா கிடைக்கிறது என்பதற்காக எல்லாம் பிள்ளை கைக்கு ஏற்றதாகிவிடாது.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. அட்டையில் பருப்பும் அரிசியும் ஒட்டி மயில் செய்வது இரு நாட்டிலும் உண்டு. மதியச் சாப்பாட்டை நம்பிப் பிள்ளை வருகிற அங்கன்வாடியில் அது எப்படிப் பொருந்தும்? மாவில் உப்புப் போட்டுப் பிசைந்து உருட்டக் கொடுப்பதும் அப்படித்தான். 2022இல் மா விலை ஏறியபோது எங்கள் ரீச்சர்மாருக்கே அது மனம் வராத வேலையாயிற்று. குடாநாட்டுச் செம்மண் உருட்டினால் உதிரும், அதுதான் மாவுக்குப் போகிறோம். வன்னியிலிருந்து குளத்துக் களி ஒரு உரப்பை வந்தால் போதும். கல் பொறுக்கி, ஈரச் சாக்கால் மூடி வைத்தால் ஒரு தவணைக்குக் காணும். காய்ந்து வெடித்த ஆமையையும் பாம்பையும் தண்ணீரில் ஊறப் போட்டு, மறுநாள் திரும்பப் பிசையலாம்.