எதிராளி கிடைத்தால் நாகேஷ்

நாகேஷின் நடிப்பில் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் எதிரில் நிற்பவரைப் பொறுத்தே அமைந்தன. 1959-இல் ‘தாமரைக்குளம்’ தொடங்கி 2008-இல் ‘தசாவதாரம்’ வரை நீண்ட திரைவாழ்வில், சரியான எதிராளி கிடைத்த காட்சிகள் இன்றும் நிற்கின்றன. தனியாக ஓடவிடப்பட்டவற்றில் பல அந்தந்தப் படத்தோடு போயின.

முதல் உச்சம் 1964. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் படமெடுக்கத் துடிக்கும் செல்லப்பா, அப்பா விஸ்வநாதனுக்குத் திகில் கதை சொல்கிறான். கதையின் சத்தமெல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகிறது; சிரிப்பு பிறப்பதோ டி.எஸ்.பாலையாவின் முகத்தில். பெரியவர் மிரண்டு ஒடுங்க ஒடுங்க, அடுத்த சத்தத்துக்கு எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதை நாகேஷ் அந்த முகத்தைப் பார்த்தே முடிவுசெய்கிறார். அவருடைய டைமிங் என்று சொல்லப்படுவது இதுதான்.

ஏ.பி.நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965) இன்னொரு படி மேலே போனது. மண்டபத்தில் தனியே புலம்பும் தருமி, கேள்வி கேட்பவனும் பதில் சொல்பவனும் தானேயாகித் தனக்குள்ளேயே எதிராளியை உண்டாக்கிக்கொள்கிறான். சிவாஜி கணேசன் வந்து நின்றதும் ஆட்டம் சூடுபிடிக்கிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) வைத்தி வேறு வகை: சி.கே.சரஸ்வதியின் வடிவாம்பாள் காதில் ஓதும்போது உடம்பு குழைகிறது, கண் மட்டும் கணக்குப் போடுகிறது.

கதாநாயகனாக வந்த படங்களில் பலமும் பலவீனமும் கலந்தே கிடந்தன. ‘சர்வர் சுந்தர’த்தில் (1964) டம்ளர்களை அடுக்கிச் சுமந்துவரும் உடல் லாவகம் அபாரம், துக்கத்தை வசனத்தால் விளக்கவேண்டி வந்த இடங்களில் மேடைவாடை அடிக்கிறது. கே.பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ (1968) மாடிப்படி மாதுவிடம் அந்தக் குறை வெகுவாகக் குறைந்தது.

பலவீனம் வெளிப்பட்டது கதையோடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதிகளில். படம் மாறினாலும் அதே கீச்சுக்குரல், அதே தடுமாற்றம் திரும்பத் திரும்ப வந்தன. தியாகராய நகர் பாண்டி பஜாரில் சொந்தமாகத் திரையரங்கு கட்டும் அளவுக்கு உயர்ந்த நடிகருக்கு, எழுபதுகளில் தேங்காய் சீனிவாசனும் சுருளிராஜனும் வளர வளர இடம் சுருங்கியது. அந்தச் சரிவிலும் ‘அபூர்வ ராகங்கள்’ (1975) குடிகார மருத்துவராக, சுவரில் விழும் தன் நிழலோடு மது அருந்தும் காட்சியில் பழைய கூர்மை தெரிந்தது.

இரண்டாவது இன்னிங்ஸ் கமல்ஹாசன் படங்களில் அமைந்தது. ‘அபூர்வ சகோதரர்க’ளில் (1989) வில்லன். ‘மகளிர் மட்டு’மில் (1994) பிணம்: இமைகூட அசைக்காமல், சுற்றியிருப்பவர்களின் பதற்றத்தையே நகைச்சுவையாக்கினார். துடிப்புக்குப் பேர்போன உடல் அசையாமல் கிடந்தே சிரிக்கவைத்தது அவர் தொழில்நுட்பத்தின் முதிர்ச்சி.

அதே ஆண்டின் ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர் வேடம் அவருக்குத் துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத்தந்தது. 2009 ஜனவரி 31 அன்று காலமான நாகேஷுக்குக் கிடைத்த ஒரே தேசியத் திரைப்பட விருது அது. அழவைத்ததற்காக வந்தது, சிரிக்கவைத்ததற்காக ஒன்றும் வரவில்லை.